காலரா காலமான வரலாறு

உலகத்து மேதைகள் காலராவை மருந்தால் விரட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்த 1972ஆம் ஆண்டில், அதை ஒரே வாக்கியத்தில் ஒழித்த பெருமை எங்கள் சுகாதார அலுவலகத்தைச் சேரும். அந்த வாக்கியத்தை டைப் அடித்த குமாஸ்தா நான்.

'காலரா இல்லாத பகுதி' என்று நற்சான்றிதழ் வழங்க, மேலதிகாரிகள் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து சம்பூர்ணம் வந்து நின்றாள். படகேறி, பஸ் மாறி வந்தவள். புடவை முழங்கால்வரை ஈரம்.

"குப்பத்துல வாந்திபேதி சார். பத்து பேரு படுத்துக்கினு கீறாங்க. எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு உள்ள போயிடுச்சு. ஊசி போடுறவங்கள அனுப்பு சார்."

எங்கள் அதிகாரி ராமானுஜம், திருவள்ளூர்க்காரர், சொல்லாராய்ச்சியில் வல்லவர். "வாந்திபேதின்னு சொல்லப்படாதும்மா. அப்புறம் காலரான்னு ஆயிடும். அது கிரேக்க வார்த்தை. கிரேக்கன் பித்தத்தைச் சொன்னான். வெள்ளைக்காரன் பேதிக்குத் தூக்கி வெச்சுட்டான். நாம திரும்பப் பித்தத்துக்கே குடுத்துடறோம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடு."

"இன்னா பேரு சொன்னா ஊசி வரும் சார்?"

"காலரான்னா வரும்."

"அப்போ அதையே எழுதிக்கோ."

"அதுதான் இங்கே இல்லையே."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'பருவகாலப் பித்த மிகுதி, பத்து பேர்.' சம்பூர்ணம் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

குப்பத்துக்குப் போய் அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சினாள். உப்புக் கஞ்சியை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினாள். ஒன்பது பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் கணவன் கலியன் எழவில்லை.

"ஒம்போது பேர் பிழைச்சுட்டா, பாரும். காலராவா இருந்தா பிழைப்பாளா?" என்றார் ராமானுஜம், சேதி வந்ததும். வியாழக்கிழமை சான்றிதழும் மாலையும் வந்தன. புகைப்படத்தில் நான் இரண்டாம் வரிசை.

அடுத்த வாரம் சம்பூர்ணம் இறப்புச் சான்றிதழுக்கு வந்தாள். பித்தத்தால் யாரும் சாவதில்லை என்பதால், காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றுவிட்டது' என்று போட்டிருந்தோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன்.

"நின்னுபோச்சுன்னு எழுதிக்கீற, சரி. யாரு இதயம்னு எழுதலியே சார்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று விளக்கினேன்.