மேல்தட்டுக்குப் போட்டி

"இன்னைலேருந்து ஷோகேஸ் மேல்தட்டு என் கத்திங்களுக்கு!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பா பிரகடனம் செய்தார். பாக்டரி சங்கு மாதிரி குரல். ஆவடி குவார்ட்டர்ஸில் மூன்று வீடு தள்ளி ஒரு குழந்தை அலறியது.

அப்பா இக்னேஷியஸின் மடக்குக் கத்திகள் எல்லாம் மூர் மார்க்கெட்டில் பொறுக்கியவை. தினம் எண்ணெய் தடவுவார், துடைப்பார். பவுடர் போடாததுதான் பாக்கி. ஒரு கத்தியும் வாழைப்பழத்தைக்கூடக் கண்டதில்லை. மேல்தட்டிலோ அம்மாவின் பீங்கான் வாத்துக் குடும்பம்.

"இன்னாத்துக்குங்க இத்தினி கத்தி?" என்றாள் அம்மா. குரலில் தேன். அம்மா ஹில்டாவின் குரலில் தேன் வந்தால் நான் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. இது மீன் செதிலுக்கு. இது ரம்பம். இந்தக் கொக்கி, குதிரைக் குளம்புல சிக்கின கல்லு எடுக்க."

"ஆவடியில குதிரைக்கு எங்க போவீங்க?"

"வராமயா போயிடும்?"

"என் அருவாமனை ஒண்டியா மொத்த ஊட்டு வேலையும் பாக்குது. அதை உங்க கத்திங்க ஜெயிச்சா மேல்தட்டு உங்களுது. தோத்தா எல்லாம் பரணுக்கு."

பக்கத்து வீட்டு வேம்புலி மாமா தலையை நீட்டினார். "வுடாத மச்சான்! மானப் பிரச்சினை!"

போட்டி தொடங்கியது. அம்மா அருவாமனையில் அவசரமில்லாமல் அரிந்தாள். அப்பா சங்கரா மீனின் செதிலைச் சுரண்டினார். வேம்புலி மாமா மீசையில் செதில்கள் மின்னின. ரம்பத்தால் அப்பா பலாப்பழத்தைப் பிளந்தார். புளியை நீட்டினாள் அம்மா. அப்பா குளம்புக் கொக்கியை விரித்தார். டக், டக், டக். கொட்டைகள் தெறித்தன.

"குதிரை வந்துகிச்சு மச்சான்!" என்று குதித்தார் வேம்புலி மாமா.

அம்மா தாடையில் கை வைத்தாள். "தோத்துட்டேங்க."

வாத்துகளை அவளே இறக்கினாள். அப்பா கத்திகளை அடுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தித் தூங்கப் போனார்.

சாயங்காலம் எழுந்தவர் முன் ஒரு தட்டு பேரீச்சம்பழம்.

"எடுத்துக்குங்க. ஜெயிச்சவருக்கு."

"ஏது?"

"பழைய இரும்புக்காரன் வந்தான். அருவாமனையைப் போட்டுட்டேன்."

அப்பா வாயில் பழம் நின்றது. "ஏன்டி?"

"தோத்ததை ஊட்ல எதுக்கு வெச்சிக்கினு? நாளைக்கு முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். ஷிப்டுக்குப் போறதுக்குள்ள நறுக்கிடுங்க. இந்த மடக்குற சமாச்சாரம் எனக்குக் கைவராது."

"ஹில்டா..."

"எதிர்வூட்டு நாகம்மாவும் கேட்டா. அவ ஊட்டுப் பலாப்பழத்துக்கு உங்களைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

மேல்தட்டு இன்றைக்கும் அப்பாவுடையதுதான். கத்திகளுக்கு அடுப்படியை விட்டு வர நேரமில்லை என்பதால், சும்மா கிடக்கிறதே என்று வாத்துகள் உட்கார்ந்திருக்கின்றன.