உப்பு ஒரு கை கம்மி

சின்ன விஷயக்காரர் என்று ஓர் இனம் உண்டு. படைத்தவன் ஊருக்கு ஒருவரையாவது அனுப்பிவைத்திருக்கிறான். சில ஊர்களுக்குத் தாராளமாகவே அனுப்பியிருக்கிறான். கல்யாண மஹாலில் எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மாப்பிள்ளைக்குப் பின்னால் தொங்கும் திரையில் ஒரு வளையம் கழன்றிருப்பதைப் பார்ப்பார். பந்தியில் எல்லோரும் கறித்துண்டைத் தேட, இவர் தண்ணீர்த் தம்ளரில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். விடைபெறும்போது வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அத்தனை அன்பாகச் சொல்வார்:

"எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு சின்ன விஷயம்..."

அதோடு வீட்டுக்காரருக்கு அன்றைய தூக்கம் போச்சு.

கெட்டவரா? சத்தியமாக இல்லை. ஐந்து வேளை தொழுகிறவர். நடக்கிற பாதையில் முள் கிடந்தால் குனிந்து எடுத்து ஓரமாகப் போடுகிறவர். முள்ளைத் தேடுகிற அந்தக் கண்ணை, பூ வைத்திருக்கிற இடத்தில் கொஞ்சம் மூடிக்கொள்ளத் தெரியாதவர். அவ்வளவுதான் குறை.

காரைக்குடிக்கு வாய்த்தவர் மீரான் சாகிபு. எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக அவர் போகாத கல்யாணமும் இல்லை, சின்ன விஷயம் சொல்லாத வாசலும் இல்லை. இப்போது அவர் மகள் இன்ஷாவுக்கு நிக்காஹ். இந்த ஒரு நாளுக்காக எத்தனை வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பத்திரிகை கொடுக்கப் போன இடத்திலெல்லாம் "கண்டிப்பா வாரோம் பாய், குடும்பத்தோட வாரோம்" என்று சொன்ன முகங்களில் தனியாக ஒரு பளபளப்பு இருந்தது.

அன்றிலிருந்து மனிதர் மஹாலிலேயே குடியிருந்தார். பன்னீர்ச் செம்பின் துளைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திப் பார்த்தார். யாரும் தடுக்கி விழக் கூடாதென்று விரிப்பின் ஓரத்தை டேப் போட்டு ஒட்டச் சொன்னார். டேப்பின் நிறம் விரிப்போடு சேரவில்லை என்று பிய்க்கச் சொன்னார். கை கழுவும் இடத்தில் ஏழு சோப்பு வைத்து, ஏழும் நுரைக்கிறதா என்று தானே கழுவிப் பார்த்ததில் சோப்பெல்லாம் பாதியாகிப்போக, பாதிச் சோப்பு வைத்தால் என்ன நினைப்பார்கள் என்று புதிதாக ஏழு வாங்கிவந்தார்.

"பொண்ணுக்கு நிக்காஹ் பண்றீகளா, மஹாலுக்குப் பரீட்சை வைக்கிறீகளா?" என்றாள் மனைவி ரஹீமா.

"உனக்கென்ன தெரியும்? சோப்புலதான் பிடிப்பாய்ங்க."

மகளிடம், "உனக்கு என்னம்மா வேணும், சொல்லு. சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லு" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் அத்தா. பெரியத்தா வரணும்."

மீரான் சாகிபு எழுந்து போய்த் திரை வளையங்களை எண்ண ஆரம்பித்தார்.

பெரியத்தா என்றால் மீரானின் அண்ணன் தாஹா. கோட்டையூரில் இருக்கிறார். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறா? இல்லை. தாஹாவின் மகள் அஃப்ரின் நிக்காஹ் விருந்தில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நிற்கையில், தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்: "எல்லாம் பிரமாதம்ண்ணே. ஒரே ஒரு சின்ன விஷயம். சோத்துல உப்பு ஒரு கை கம்மி." சம்பந்தி அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் எது செய்தாலும், "உப்பில்லாத கல்யாணத்துல வந்தவதானே" என்று ஒரு வருஷம் முழுக்க அந்தப் பெண்ணை அரைத்து எடுத்துவிட்டாள். உப்பு கம்மிதான், மறுப்பதற்கில்லை. அது அத்தனை பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. சொன்னவர் ஒருவர்தான்.

ரஹீமா விடவில்லை. கணவரை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கோட்டையூருக்கு இழுத்துப் போனாள். வழியெல்லாம் மீரான் சாகிபு சொல்ல வேண்டியதைப் பாடம் பண்ணிக்கொண்டே போனார். அண்ணே, தப்பு என்மேல, மன்னிச்சிருங்க. நாலே சொல்.

தாஹா கதவைத் திறந்தார். கதவு கிறீச்சென்று கத்தியது.

"அண்ணே..." என்றார் மீரான் சாகிபு.

தாஹா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஒரு சின்ன விஷயம்ண்ணே. கீல் கத்துது. ரெண்டு சொட்டு எண்ணெ விட்டா போதும்."

ரஹீமா கண்ணை மூடிக்கொண்டாள். தாஹா பத்திரிகையை வாங்கித் தேதியைப் பார்த்தார். "பாப்போம்" என்றார். கதவு மூடியது. கத்திக்கொண்டே மூடியது.

"அந்த எண்ணெய உங்க வாய்க்கு விட்டிருக்கணும்" என்றாள் ரஹீமா, திரும்பி வரும் பஸ்ஸில்.

மாப்பிள்ளை வீடு தொண்டிப் பக்கம். அங்கே விருந்தென்றால் சஹன் சாப்பாடுதான்: பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவது. ஆண்கள் பந்திக்கு ஐந்நூறு பேர், தட்டுக்கு நான்கு பேர், நூற்றிருபத்தைந்து சஹன். வேறு யாராக இருந்தாலும் வருகிறவர்கள் வருகிற வரிசையில் உட்காரட்டும் என்று விட்டிருப்பார்கள். மீரான் சாகிபு விடுவாரா? நோட்டுப் போட்டு எழுதினார். வேகமாகச் சாப்பிடுகிறவரை மெதுவாகச் சாப்பிடுகிறவரோடு போடக் கூடாது. சர்க்கரைக்காரர் இருக்கிற தட்டில் இனிப்பு யாருக்கு மிஞ்சும் என்று பார்த்துப் போட வேண்டும். வேலிச் சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் ஆறு தட்டாவது இருக்க வேண்டும். எழுதி எழுதி அடித்து, கடைசியில் ஒரே ஒரு தட்டும் இரண்டே இரண்டு பெயர்களும் மிஞ்சின. ஒன்று தாஹா. அவர் வருவாரோ மாட்டாரோ என்று எந்தத் தட்டிலும் சேர்க்காமல் வைத்திருந்தார். இன்னொன்று அவரே. அவரைத் தங்கள் தட்டில் சேர்க்க யாரும் சம்மதிக்கவில்லை.

"உங்க கூடயா மாமு? எலும்ப எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லுவீக. வேணாம்."

நிக்காஹ் அன்று காலையில் சமையல் கட்டுக்குப் போனார். விருந்து சமைக்கிற பண்டாரி அன்வர் சாதிக் உலை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன விஷயம் பாய். உப்பப் பாதி போடுங்க. மீதிய நான் ருசி பாத்துச் சொன்னப்புறம் போடணும். என்னைக் கேக்காம ஒரு கல்லு விழக்கூடாது."

"உலையிலயே போட்டாத்தான் பாய் சோத்துல பிடிக்கும்."

"சொன்னதச் செய்ங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் தாஹா வந்து இறங்கியதாகச் சேதி வந்தது. மீரான் சாகிபு ஓடினார். அதன் பிறகு உப்பாவது, சோப்பாவது? மணப்பெண்ணின் சம்மதம் கேட்டுவரப் போன சாட்சிகளில் ஒருவராகத் தாஹாவை அனுப்பினார்கள். இன்ஷா "சம்மதம்" என்று சொல்வதற்கு முன்னால், "வந்துட்டீகளா பெரியத்தா" என்றாளாம்.

நிக்காஹ் முடிந்தது. ஹஜ்ரத் துஆ ஓதினார். பந்தி உட்கார்ந்தது. கடைசித் தட்டில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே. பக்கத்துத் தட்டில் மாப்பிள்ளையின் அத்தா.

மீரான் சாகிபு பிஸ்மி சொல்லி முதல் பிடியை வாயில் வைத்தார். வைத்தவரின் வாய் அப்படியே நின்றுவிட்டது. உப்பு பாதி. சமையல் கட்டு வாசலில் அன்வர் சாதிக் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்: நீங்க வரவே இல்லையே.

ஐந்நூறு பேரும் மெல்லுகிற வாயை மெதுவாக்கிக்கொண்டார்கள். முப்பது வருஷத்துச் சின்ன விஷயங்கள் அத்தனையும் அந்த ஒரு தாம்பாளத்தைச் சுற்றி வந்து நின்றன. தாஹா ஒரு பிடி எடுத்தார். நிதானமாக மென்றார். இன்ஷாவின் மாமனார் திரும்பிப் பார்த்து, "என்ன பாய், எங்க ஊரு சஹன் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மீரான் சாகிபுவுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் அஃப்ரினின் முகமும் வந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வந்தது.

தாஹா விழுங்கினார். மஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "உப்பு சரியா இருக்கு."

அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "ரொம்பச் சரி" என்றார். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் "அளந்து போட்ட மாதிரி" என்றார். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். ஊறுகாய் மட்டும் எல்லாத் தட்டுக்கும் நாலு தடவை கேட்டார்கள்.

மீரான் சாகிபு குனிந்துகொண்டார். கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் பக்கத்துச் சோற்றில் விழுந்தது. அந்த ஓரத்தில் மட்டும் உப்பு கொஞ்சம் கூடியிருக்கும்.

"அண்ணே, தப்பு என்மேல..."

"சாப்பிடு" என்றார் தாஹா. நல்ல துண்டாக ஒன்றைப் பிய்த்துத் தம்பி பக்கம் தள்ளினார். "கீலுக்கு எண்ணெ விட்டுட்டேன். இப்பக் கத்தல."

மீரான் சாகிபு திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? அடுத்த வாரமே கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் பிரமாதம்" என்றார். வாய் மூடவில்லை. வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டு நின்றார். ரஹீமா இருமினாள். "எல்லாம் பிரமாதம்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, கையை விட்டுவிட்டு வந்தார். பஸ் ஏறும்வரை முகம் வெந்துபோயிருந்தது.

இதெல்லாம் யாரோ ஒரு மீரான் சாகிபுவின் கதை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களில் ஒருவர் இந்நேரம் விரல் மடித்துக் கணக்குப் போட்டு முடித்திருப்பார்: தட்டுக்கு நான்கு பேர், நூற்றிருபத்தைந்து தட்டு, கடைசித் தட்டில் இரண்டே பேர் என்றால் ஐந்நூறு எப்படி வரும், கதை பிரமாதம், ஒரே ஒரு சின்ன விஷயம், இரண்டு ஆள் உதைக்கிறதே என்று. அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவந்து, "எல்லாம் சரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அன்றைக்கு ஊறுகாய் எத்தனை தடவை கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா?