மச்சான் இல்லாத ஆறு

முக்கோணத்தார் என்றொரு இனம் உண்டு. நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கணினித் திரையை விட்டு அதைத் திருப்பினால்தானே? ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே, எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது அவர்கள் வேலை. அதற்காக ஆற்றின் வரைபடத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டிக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தால் கணக்கு ஒழுங்காக ஓடும். ஏதாவது ஒன்று ஊசியாக இளைத்துவிட்டால் கணக்கில் பிழை ஏறலாம். இதுவரை நியாயம்தான்.

ஆனால் நம்மவர் அத்தோடு நிற்பவரா? இளைத்த முக்கோணம் திரையில் சிவப்பாகத் தெரியும். சிவப்பைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதன் மூலையைப் பிடித்து இழுப்பார். பக்கத்து முக்கோணம் சிவக்கும். அதை இழுப்பார், அதற்கடுத்தது சிவக்கும். இப்படி ஒரு கரையில் தொடங்கி மறுகரை வரைக்கும் இழுத்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கும்போது மேலதிகாரி எட்டிப் பார்ப்பார்.

"வெள்ளம் எங்க வரும்னு தெரிஞ்சுதா?"

"அத விடுங்க சார். இந்த மூலை எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க!"

மேலே அணை நிரம்பி, திறக்கப் போகிறார்களே? திறக்கட்டும்.

இழுத்தும் வழிக்கு வராத இடங்களுக்கு இந்த இனத்திடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. வரைபடத்தில் ஆற்றையே திருத்திவிடுவது. எனக்குத் தெரிந்த முக்கோணத்தார் முதலில் ஒரு வளைவை நிமிர்த்தினார். பிறகு பாலத்தின் தூண்களைப் பிடுங்கினார். பாலம் சிவனே என்று அந்தரத்தில் நின்றது. மிச்சம் இருந்தது நடு ஆற்றில் ஒரு தீவு. அதன் வால்நுனியில் மட்டும் சிவப்பு போகவே மாட்டேன் என்றது. தீவையே அழித்தார். திரை முழுக்கப் பச்சை! மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தீவில்தான் அவருடைய மனைவியின் அண்ணன் பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்கிறார். அன்று மாலை அந்த மச்சானே வீட்டுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, இன்னிக்கு அணையத் தொறக்கறாங்களாமே. தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருமா?"

"வராது மச்சான்."

"நல்லாப் பாத்தீங்களா? கடைசிப் படகு கெளம்பப் போகுது. பிள்ளைங்க வேற இருக்காங்க."

"வீடு இருந்தாத்தானே மச்சான் உள்ள வரும்?"

பக்கத்தில் நின்ற மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு, அவர் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்த கணினியின் திரையைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் வீடு எங்கங்க?"

"அந்த வாலு ரொம்ப ஒல்லியா இருந்துச்சும்மா. அதான் எடுத்துட்டேன்."

"எங்க வீட்டு ஆளுங்கன்னா உங்களுக்கு எப்பவுமே எளக்காரம்! மொதல்ல எங்க அண்ணன இருந்த எடத்துல வைங்க!"

வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, சிவந்த வாலோடு கணக்கை ஓட்டினார். கணினி வெடித்துவிடவில்லை. மச்சான் வீட்டுக் கூரைக்கு மேல் தண்ணீர் என்று விடை வந்தது. "மச்சான், படகப் பிடிங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார்.

பிடித்துவிட்டார்கள். மச்சான், அவர் மனைவி, பிள்ளைகள், தையல் மிஷின் எல்லாம் நம்மவர் வீட்டில் வந்து இறங்கின. மறுநாள் காலையில் மச்சானும் அவரும் கரையில் போய் நின்றார்கள். தீவு இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. மச்சான் தன் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தார். நம்மவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மச்சான்? நான் மொதல்ல போட்டதுதான் சரி!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் போனீர்களே, காரில் எல்லோருக்கும் கச்சிதமாக இடம் கிடைத்ததே, அது எப்படிக் கிடைத்தது? 'அவருக்கு அலைச்சல் ஆகாது, வரமாட்டார்' என்று ஒருவரை நீங்களாகவே முடிவுகட்டி விட்டுவிட்டீர்கள், இல்லையா? அவர் அன்று விடியும் முன்பே குளித்து, பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என்னிடம்தான் சொன்னார்.