அணு உலை வாழ்க, உன் ஆபீஸ் ஒழிக

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்காவும் நலம்தான் என்பதைப் பாத்திரம் வைக்கும் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்கிறேன். என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் பெரிய உத்தியோகத்தில் நீ நீடூழி இருக்க வாழ்த்துகிறேன். அப்படி ஓர் உத்தியோகமே கூடாது என்று விளக்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் அணுமின் நிலையத்துக்கு ஆதரவுச் சங்கம் இருப்பதும், அதற்கு நான் தலைவர் என்பதும் உனக்குத் தெரியும். கட்டி முடித்து எத்தனை காலமாகிறது, நீ என்னடாவென்றால் பம்பு அறைக் குழாயைத் தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியில்லை, வெல்டிங்கை மறுபடி வை என்று சொல்லி, உலையை ஓட்ட அனுமதிக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறாய். நீ என் மைத்துனன் என்பதைச் சங்கத்தில் மூச்சுவிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் உன் ஆபீசைக் கண்டித்துக் கூட்டம் போட்டோம். மைக், மின்விசிறி, மேடை விளக்கு, காபி கொதிக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொருகியதும் ஃபியூஸ் போனது. மாற்றிப் போட்டோம், மறுபடி போனது. எங்கள் பொருளாளரான சலூன்காரர், இதுவும் அந்த இன்ஸ்பெக்டர் மாதிரிதான், எதையும் ஓட விடாது என்று சொல்லி, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் துணி காயப்போடும் கம்பியை வெட்டி அந்த இடத்தில் முறுக்கினார். அப்புறம் எல்லாம் ஜோராக ஓடியது. விதி விதி என்று மிரட்டுகிறவர்களுக்கு மனிதன்மேல் நம்பிக்கை இல்லை என்று நான் முழங்கியபோது பின்னால் புகை கிளம்பியது. மேடை ஜோடனை என்று நினைத்து ஜனங்கள் கைதட்ட, நானும் உற்சாகமாகப் பேச்சை நீட்டினேன். முதுகு சுட்டபோதுதான் திரை எரிவது தெரிந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து திரையையும் தலைவரையும் சேர்த்தே நனைத்தார்கள். கம்பி வைத்தது யார் என்று அதிகாரி கேட்டதும், எந்தத் தீர்மானத்திலும் ஒத்துப்போகாத எங்கள் சங்கம் ஒருமனதாக என்னைக் கைகாட்டியது.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தால் உன் அக்கா, "ஒரு ஃபியூஸ உங்கள நம்பி விட முடியல. இவங்கள நம்பி உலைய விடணுமாம்" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. இந்தச் சின்ன விஷயத்தை வைத்து எங்கள் கொள்கையை எடைபோடாதே. இன்னும் தடியான கம்பி போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது சங்கத்தின் முடிவு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போடு. உன் மருமகளும், அதாவது என் மகளும், படித்துவிட்டு அந்த நிலையத்தில்தான் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாள்.

உன் வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். நோய்நொடியும் விதிமுறைகளும் அண்டாமல் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தலைவர், அணுமின் ஆதரவுச் சங்கம்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகளுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. பம்பு அறையிலாம். உன் அக்கா வாயைத் திறந்து, "தம்பிக்கு எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பயமா இருக்குடா. அந்தக் குழாய இன்னொரு தடவ தட்டிப் பாரு. வெல்டிங்கப் பிரிச்சு மறுபடி வைக்கச் சொல்லு. கையெழுத்துக்கு ஒண்ணும் அவசரமில்ல. வர்ற ஞாயிறும் உன்னத் திட்டிக் கூட்டம் இருக்கு, தலைமை நான்தான். அதையெல்லாம் காதுல போட்டுக்காம நீ தட்டிக்கிட்டே இரு.