வாசலில் ஒரு ட்ரக்டர் மணல்

மட்டக்களப்பு,
பரீட்சை மண்டபத்துக்கு எதிரே, வேப்பமர நிழல்.
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ஹிமாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். பேராதனையில் நீயும் சுகமாக இருந்து, பிறருடைய பல்லைப் பிடுங்கப் படிப்பதோடு நேரத்துக்குச் சாப்பிடவும் செய்வாய் என்று நம்புகிறேன். வட்ஸ்அப் இருக்க வாப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் போன் ஒரு மாதமாக உம்மாவின் கையில். அதில் என்ன வந்தாலும் போனாலும் முதலில் வாசிப்பவர் அவர்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கலியாணம் பேசவில்லை. ஊரிலிருந்து யார் போன் எடுத்து வாழ்த்தினாலும் பதறாதே. மாப்பிள்ளை என்று ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை.

நடந்தது இதுதான். உன் உம்மா சட்டம் படிக்கப் போகிறார். நாற்பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்துச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டு, அதற்கு ஆள் தெரிவு செய்யும் உளச்சார்புப் பரீட்சையை இந்த நேரத்தில் உள்ளே இருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி நூலிழையில் தவறிப்போய், அடுத்த வருடமே என்னைக் கட்டிக்கொண்ட மனிசி என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெறுபேற்றுத் தாளை இன்னும் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார் என்பது எனக்கே போன மாதம்தான் தெரியவந்தது. "ஆருக்கும் சொல்லப்படா. புள்ளைக்கும் சொல்லப்படா. கிடைக்காட்டி இதோட விட்டிருவன், இன்னொருக்கா எழுத மாட்டன்" என்று என்னிடம் வாக்கு வாங்கினார். சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை. இப்படியெல்லாம் யோசிக்க எனக்குக் கற்றுத் தந்தது அவர் படிக்கிற புத்தகம்தான்.

அந்தப் புத்தகம் இருக்கிறதே, அது "எல்லா மீன்களும் பறவைகள், சில பறவைகள் கதிரைகள், ஆகவே முடிவு என்ன?" என்று கேட்கிறது. மீன் எப்படிப் பறவையாகும் என்றேன். "அதக் கேக்கப்படா. எடுகோளெண்டு ஒத்துக்கொள்ளணும்" என்றார். சரியென்று விட்டேன். அடுத்தது, ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்புகின்றன, ஒரு ஓட்டை வெறுமையாக்குகிறது, எப்போது நிரம்பும்? முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? முதலில் ஓட்டையை அடைக்கச் சொல் என்றேன். "விடையில அது இல்ல" என்றார். இந்தத் தர்க்கத்தில் அடுப்பிலிருந்த பருப்பு அடிப்பிடித்தது. மீனாவது வாங்கலாம் என்று பார்த்தால், மீன்கார றிஸ்கான் வாசலில் வந்து ஹோன் அடித்து, "இண்டைக்குப் புடிச்ச பாரை ராத்தா, நேரா ஒலுவில் துறைமுகத்தால வாறன்" என்றான். உம்மா வினாத்தாளும் கையுமாக வெளியே போனார். "கடல் அடிக்கிது, ரெண்டு நாளைக்கு ஒரு போட்டும் இறங்காதெண்டு நேத்துச் சொன்னது நீதானே? ரெண்டு கூற்றில ஒண்டுதான் உண்மையாயிருக்க ஏலும். எது?" என்று கேட்டார். றிஸ்கான் மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "நாளைக்கு வாறன் ராத்தா" என்று போனவன்தான். இரண்டு கிழமையாக எங்கள் ஒழுங்கைப் பக்கமே அவன் வருவதில்லை. அக்கம்பக்கத்தாரும் எங்களால் முட்டைதான் தின்கிறார்கள்.

குசினியில் படித்தால் கறி கருகுகிறது, ஹோலில் படித்தால் வருகிறவர் போகிறவர் காண்பார்கள், பாவம் என்று நினைத்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை போடுமளவுக்கு அறை கட்டிக் கொடுப்போம் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. ஒரு ட்ரக்டர் மணலும் கொஞ்சம் கல்லும் இறக்கினேன். நான் செய்த பிழை அதுதான் மகள். நீ ஊரை விட்டுப் போய் நாலு வருடம், மறந்திருப்பாய்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் பெண் வீட்டார் வீடு கட்டினால்தான் கலியாணம். குமர்ப்பிள்ளை உள்ள வீட்டு வாசலில் மணல் கொட்டினால் ஊர் அதைக் கலியாணக் காட் மாதிரித்தான் வாசிக்கும். அறுபது வயதுக்கு மேலாகியும் இது என் மூளையில் படவில்லை. ட்ரக்டர் திரும்பிப் போக முன்னரே முன்வீட்டு றுஸ்தா வந்துவிட்டாள். "என்ன காக்கா, ஹிமாயாவுக்குச் சரிவந்திட்டாப்போல?" என்றாள். இல்லை என்றால் அறை யாருக்கு என்று கேட்பாள். உம்மாவுக்கு என்றால் எதற்கு என்று கேட்பாள். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "ஓம், அல்லாஹ் நாடினா" என்று சொல்லிவிட்டேன்.

அஸர் தொழுதுவிட்டு வரும்போது மாப்பிள்ளை கட்டாரில் இஞ்சினியர் ஆகியிருந்தார். மஃரிப் தொழுகைக்குள் அவருக்குச் சாய்ந்தமருதில் சொந்தக் கடையும் இருந்தது. அடுத்த நாள் தச்சன் ஒருவன் கேட்காமலே வந்து கதவுக்கு அளவெடுத்தான். படிக்கிற மனிசியின் தலையில் இதையும் ஏற்றுவதா என்று உம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மணலைப் பற்றி ஊர் என்ன கதைக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆகையால் மகள், பெறுபேறு வரும்வரைக்கும் யார் கேட்டாலும் மறுக்காதே. வெட்கப்படுகிறவள்போல் சும்மா இரு. உனக்கு அது வராது என்று தெரியும், முயற்சி செய். உம்மாவின் மானம் நம் இரண்டு பேர் கையில் இருக்கிறது. மண்டபத்துக்குள் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உன்னைப் பெற ஆஸ்பத்திரிக்குள் போனபோதும் அப்படித்தான் பார்த்தார். அன்றும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இன்றும் "பேனை ரெண்டு கிடக்கா?" என்றுதான் கேட்டேன். அவருக்கு இது கிடைக்கவேண்டும் என்று துஆ கேள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன்னிடம் பல் பிடுங்க வருகிறவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு,
உன்னை ஒருவருக்கும் கட்டிக்கொடுக்காத வாப்பா,
இப்றாஹிம்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. திரும்பிவரும் பஸ்ஸில் றுஸ்தா இருந்தாள். எங்களைக் கண்டதும், "என்ன ராத்தா, மாப்பிள்ளைக்கு உடுப்பெடுக்கவா போன நீங்க?" என்று கேட்டுவிட்டாள். உம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஹிமாயாவுக்கு ஒண்டுமில்ல றுஸ்தா. நான்தான் சட்டம் படிக்கச் சோதினை எழுதிட்டு வாறன்" என்றார். கொண்டக்டரே டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். றுஸ்தா உம்மாவின் பக்கம் நெருங்கி வந்து, "அதுக்கு எங்க ராத்தா விண்ணப்பம் எடுக்கிற?" என்று கேட்டாள்.

இறங்கி நடக்கும்போது, "ஊர் சிரிக்குமெண்டுதானே மறைச்ச, பிறகு ஏன் சொன்ன?" என்று கேட்டேன். "ஊர் சிரிச்சா எனக்கென்ன? இந்த வயசில பொண்டாட்டி படிக்கப் போறாளெண்டு கதை வந்தா நீங்க வெக்கப்படுவீங்களெண்டுதான் மறைச்ச" என்றார். ஒரு மாதமாக நான் அவருடைய மானத்தைக் காக்கிறேன் என்றிருந்தேன், அவர் என்னுடையதைக் காத்திருக்கிறார்.

எனக்கு ஒரு வெட்கமும் இல்லை மகள். பெருமையாகத்தான் இருக்கிறது. அதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வருகுதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல், உம்மா படிக்கிற மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தொழப் போகிறேன். இது உன் கைக்கு வந்தால், தபாலில் போட்டது அவர்தான்.