சிங்கப்பூர் பிளேனுக்கு ஆள் நிறுத்தினேன்

பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக ஒரு விமானம் ஐம்பதுகளிலேயே பறந்திருக்க வேண்டும். பறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இதை எந்தச் சபையிலும் ஒப்புக்கொள்வேன். (என் மனைவி இருக்கிற சபையில் ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்கவும் முடியாது.)

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே. அந்தப் பக்கம் ஒரு பஸ் வேண்டுமென்றால் மனு எழுதினால் மட்டும் போதாது, ஆள் நிறுத்த வேண்டும். பஸ் முதலாளி ஜீப்பில் வழி பார்க்க வரும் நாளில் ஊரே மூட்டை முடிச்சோடு ரோட்டோரம் நிற்கும். மூட்டைக்குள் இருப்பது ராகித்தாள். மாட்டுக்குப் போடுகிற காய்ந்த தாள். அதைப் பழைய சேலையில் திணித்துக் கட்டினால் ஒரு குடும்பமே குடிபெயர்கிற தோற்றம் வந்துவிடும். முதலாளி பார்ப்பார், மலைப்பார், பஸ் வரும். முதல் நாள் மூன்று பேர் ஏறுவார்கள், அதில் ஒன்று ஆடு. ஆனாலும் வந்த பஸ் திரும்பிப் போனதில்லை. பஸ் என்று ஒன்று ஓடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் ஜனங்களுக்குப் போக வேண்டிய இடங்களே ஞாபகம் வரும்.

இந்தக் கலையில் கரைகண்டவர் முனிசாமி மாமா, என் அம்மாவின் அண்ணன். மூன்று பஸ்ஸும் ஒரு தபால் பெட்டியும் அவர் ஆள் நிறுத்தி வாங்கியவை. அவருடைய ஒரே மகள் நாகம்மா. நாகம்மாவுக்காக நான் வேலை பார்த்த பெங்களூரிலிருந்து எத்தனை வாரம் சும்மாவே ஊருக்குப் போனேன் என்று கேட்காதீர்கள். மாமா கேட்டார்.

"வேல நெலைச்சுதாடா?"

"மூணு மாசம் பாக்கறாங்களாம் மாமா. அப்புறம்தான் நெலைக்கும்."

"அப்ப மூணு மாசம் கழிச்சுப் பொண்ணு கேட்டு வா."

வேலை என்றால் பெங்களூரில் ஒரு விமான டிக்கெட் ஏஜென்சியில் எடுபிடி குமாஸ்தா. கதவுக்கு மேலே நீல வர்ணத்தில் ஒரு விமானம். கடிதங்களுக்குப் போடுகிற ரப்பர் ஸ்டாம்பிலும் அதே விமானம். சேர்ந்த இரண்டாம் நாளே, மை ஈரமாக நாற்காலியில் கிடந்த அந்த ஸ்டாம்பின் மேல் உட்கார்ந்தேன். வேட்டியின் பின்புறம் ஊதா நிறத்தில் ஓர் ஆகாய விமானம் பதிந்தது. வண்ணானின் உவர்மண்ணும் அதைத் தரையிறக்க முடியவில்லை. ஊரில் அதைப் பார்க்காத கண் இல்லை. "குமாஸ்தா பின்னாலயே பிளேன் ஓட்டிட்டு வர்றான்" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்தபோது அந்த வேட்டி காணாமல் போனது. "ஆடு தின்னுடுச்சு" என்றாள் நாகம்மா. ஆட்டின் ரசனையை எண்ணி வருந்தியதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் மானேஜர் கூப்பிட்டார். கன்னடக்காரர், மெதுவாகப் பேசுவார்.

"ஏனப்பா, பம்பாய்லேர்ந்து விமானக் கம்பெனி ஆபீசர் வர்றாரு. இங்கேர்ந்து சிங்கப்பூருக்கு நேரா பிளேன் விட்டா ஜனம் வருமான்னு பாக்கணுமாம். உங்க பக்கம் மலேயா, சிங்கப்பூர்னு போறவங்க இருக்காங்கல்ல? நிஜமா போகணும்னு இருக்கறவங்க பத்துப் பேரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வா. அவர் பேசிப் பாக்கட்டும். இது நடந்தா உன் வேலை பர்மனென்ட்."

'நிஜமா' என்று அவர் சொன்னது என் ஒரு காதில் நுழைந்தது. மறு காது வரை போவதற்குள் வழியில் நாகம்மா நின்றிருந்தாள். பத்துப் பேரா? முதலாளி வழி பார்க்க வருகிறார் என்றால் பத்துப் பேரை நிறுத்துவதா? எங்கள் ஊர் மானம் என்ன ஆவது?

மாமாவிடம் ஓடினேன். சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ரொம்ப தூரம், கடல் தாண்டி, என்றேன்.

"தூரம் கூடுனா மூட்டையும் பெருசாக் கட்டணும்" என்றார் நிபுணர்.

முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும் லாரியில், கோஸை இறக்கிய பிறகு, நாற்பது பேராக விமான நிலையத்துக்குப் போய் இறங்கினோம். பொழுது நன்றாக விடிந்திருந்தது. பனி புல்வெளியில் இருந்து பிரிய மனமில்லாமல் பிரிந்துகொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு விமானம் வெள்ளிக் கொக்குபோல ஒற்றை யோசனையில் நின்றது. எனக்கு அந்த நிமிடம் உலகத்தின் எல்லாத் தூரங்களும் என் சட்டைப் பையில் இருப்பதாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேர், நாற்பது மூட்டை. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். பெண்களும் நின்றால்தான் முதலாளி நம்புவார் என்பது மாமாவின் சித்தாந்தம். அதனால் நாகம்மாவும் வரிசையில் இருந்தாள். அவள் மூட்டை மட்டும் சின்னது. இவளுக்குக் கலை கைவரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். (பாஸ்போர்ட்? ஏஜென்சியில் வேலை செய்த எனக்கே அந்த வார்த்தை அன்று ஞாபகம் வரவில்லை.)

பம்பாய் ஆபீசர் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மானேஜர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமையும் சந்தேகமும் பாதிப் பாதி.

எதற்காகப் போகிறீர்கள் என்று ஆபீசர் இங்கிலீஷில் கேட்க, மானேஜர் மொழிபெயர்த்தார். யார் கேட்டாலும் சொல்ல மாமா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தார்.

"தம்பி சிங்கப்பூர்ல கடை வெச்சிருக்கான் சாமி" என்றார் முதல் ஆள்.

"மா தம்முடு சிங்கப்பூர்லோ அங்கடி பெட்டினாடு" என்றார் தெலுங்கு பேசும் வெங்கட்டப்பா.

"நன்ன தம்ம சிங்கப்பூரல்லி அங்கடி இட்டித்தானெ" என்றார் கன்னடம் பேசும் பசப்பா.

மூன்று மொழியிலும் அதே தம்பி, அதே கடை. பத்தாவது ஆளுக்கு வந்தபோது மானேஜர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். ஆபீசரே, "தம்பி? கடை?" என்று தமிழில் கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தார். எல்லோரும் ஒரே குடும்பமா என்று விசாரித்தார். "ஆமாங்க, பெரிய குடும்பம்" என்று மாமா முந்திக்கொண்டார்.

அதுவரை எல்லாம் சரி. அப்புறம் ஆபீசர் ஒரு வார்த்தை சொன்னார். கடல் தாண்டிப் போகிற விமானத்தில் ஒவ்வொரு ராத்தல் எடைக்கும் பெட்ரோல் கணக்கு உண்டாம். ஆகவே மூட்டைகளை நிறுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

பஸ்காரன் மூட்டையை நிறுத்ததில்லை. கண்ணால் பார்ப்பான், கூரைமேல் எறிவான். எடை என்று ஒன்று இருப்பதே எங்கள் கலையில் கிடையாது. மாமாவைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஊரையே நிறுத்திய மனிதர் முகத்தில் முதல் தடவையாக வேர்வை.

கடிகாரம்போல வட்ட முகமுள்ள எடை எந்திரம். முதல் மூட்டையைத் தூக்கப் போன சிப்பந்தி அதன் உருவத்தைப் பார்த்துக் காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, முழுப் பலத்தோடு தூக்கினான். மூட்டை அவன் தலைக்கு மேலே போய்விட்டது. அவன் பின்னால் விழுந்தான். முடிச்சு அவிழ்ந்து ராகித்தாள் புறப்பட்டது. விமானத் தளம் அல்லவா, காற்றுக்கு என்ன குறை! ஆபீசரின் தொப்பியில் கொஞ்சம், மானேஜரின் மூக்குக் கண்ணாடியில் கொஞ்சம். இரண்டாவது மூட்டையை வைத்தார்கள், முள் அசையவில்லை. மூன்றாவதற்கு லேசாக மூச்சு விட்டது. எந்திரம் கெட்டுவிட்டதா என்று சிப்பந்தி ஏறி நின்று பார்த்தான். அவனை மட்டும் அது சரியாகக் காட்டியது.

"ஏனிது?" என்றார் மானேஜர்.

"வழிக்கு... மாட்டுக்கு..." என்றேன்.

"சிங்கப்பூருக்கு மாடும் வர்றதா?"

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து நாகம்மா வந்து, தன் சின்ன மூட்டையைத் தானே எந்திரத்தில் வைத்தாள். முள் துள்ளி எழுந்து முப்பத்தேழில் நின்றது. முப்பத்தேழு ராத்தல்! சிப்பந்தி பக்தியோடு எடையை ஓர் அட்டையில் எழுதி மூட்டையில் கட்டினான். ஆபீசருக்கு இனி எதையும் நம்பத் தெம்பில்லை. பிரிக்கச் சொன்னார்.

ராகி மாவு. மாங்காய் ஊறுகாய் ஜாடி. இரண்டு சேலை. ஓர் இரும்புத் தோசைக்கல். அதற்கும் கீழே, நான்காக மடித்து, ஒரு வேட்டி. மடிப்பின் மேல்பக்கம் ஊதா நிறத்தில் ஓர் ஆகாய விமானம்.

நாற்பது பேரும் அந்த விமானத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மாமா வேட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏண்டி, ஆடு தின்னுடுச்சுன்னியே?"

"தின்னுச்சு" என்றாள் நாகம்மா, தலை குனிந்தபடி. "அப்புறம் கக்கிடுச்சு."

என்ன நடக்கிறதென்று ஆபீசர் கேட்டார். நிஜமாகவே போக விரும்புகிறவள் இந்தப் பெண் ஒருத்திதான் என்று மானேஜர் சொன்னார். ஆபீசர் நோட்டுப் புத்தகத்தில் 'பயணி: ஒன்று' என்று எழுதி மூடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மானேஜர் என் பக்கம் திரும்பி, "நாளெயிந்த பரபேடா" என்றார். கன்னடம் தெரியாதவனுக்கும் புரிகிற கன்னடம் அது.

லாரி அத்திப்பள்ளி எல்லை தாண்டி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வேலை போயிற்று. மூன்று மாசக் கெடுவும் முடிந்தது. ராகித்தாளுக்கு நடுவில் இன்னொரு தாளாக உட்கார்ந்திருந்தேன். மாமா தொண்டையைச் செருமினார்.

"வேல போனதுக்குப் பாதிக் காரணம் என்னோட தாளு. அத நான் ஒத்துக்கறேன்."

"பரவால்ல மாமா."

"கம்முனு இரு, நான் பேசறேன். வர்ற ஆவணியிலயே முடிச்சுடலாம். தை வரைக்கும் உட்டா இவ தோசக்கல்லத் தூக்கிட்டுக் கப்பல் ஏறிடுவா."

லாரியே ஆரவாரித்தது. வெங்கட்டப்பா மூன்று மொழியிலும் வாழ்த்தினார். நாகம்மா என்னைப் பார்க்கவில்லை. ஊறுகாய் ஜாடியின் மூடியை மட்டும் தேவையில்லாமல் இறுக்கிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் மாமா ஆள் நிறுத்தி வாங்கிய பஸ் ஒன்றிலேயே கண்டக்டரானேன். ரோட்டோரம் நிற்கிற மூட்டைகளில் எது தாள், எது சாமான் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். இருபது வருஷம் ஓடிவிட்டது. சிங்கப்பூருக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த எடை அட்டை இன்னும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வீட்டில் யார் பெரிதாக எதையாவது அளந்தாலும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ராத்தல்?" போன மாதம் பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தோட்டம், மோட்டார், மாடி வீடு என்று அடுக்கிக்கொண்டே போனபோது, உள்ளேயிருந்து என் மகளின் குரல்தான் முதலில் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாகம்மா மட்டும் நிதானமாக எழுந்து, வந்தவர்களுக்குத் தோசை வார்க்கப் போனாள்.

அதே கல்லில்தான்.