பதினோரு ஹெலிகாப்டர்களும் ஏழு நீச்சல்காரர்களும்

மூவெல்லை நாட்டுக்குக் கிழக்கே கடல் எல்லை, மேற்கே மலை எல்லை. மூன்றாவது எல்லை வானம் என்று முன்னோர் சொல்லிவைத்துப் போனார்கள். எல்லைக்கு ஒன்றாக மூன்று படைகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் நாட்டில் அமைதி நிலவியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வரிசையில் நின்று தங்கள் மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியில் ஒருவர்தான் என்றாலும் வரிசை என்னவோ நீளமாகத்தான் இருக்கும்.

அந்நாட்டுக் கடற்படையிடம் பதினோரு ஹெலிகாப்டர்கள் இருந்தன. அவற்றில் நான்காம் எண் ஹெலிகாப்டரில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்த்தவன் கீரன். திறந்த கதவோரம் மண்டியிட்டு, கடலில் தத்தளிக்கிறவனிடம் தூக்குவடத்தை இறக்கி, அவனை மேலே ஏற்றுவது அவன் வேலை. விமானி மருதி அவனைவிடப் பத்து வயது இளையவள், பதவியில் பெரியவள். ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு அடியில் நடப்பது விமானியின் கண்ணுக்குத் தெரியாது. "முன்னால ரெண்டடி, இடது பக்கம் ஓரடி, போதும், நில்லுங்க" என்று கீரன் சொல்லச் சொல்ல, அந்தக் குரலை வைத்துத்தான் அவள் அந்தரத்தில் நிற்பாள். இருவரும் சேர்ந்து இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து எடுத்திருந்தார்கள்.

மன்னரின் முடிசூட்டு நாள் அணிவகுப்பில்தான் வினை தொடங்கியது. பதினோரு ஹெலிகாப்டர்களும் மேடைக்கு மேலே பறந்து போனபோது அவை யாருடையவை என்று மன்னர் கேட்டார். கடற்படையுடையவை என்றார்கள். "கடல் எப்போதிலிருந்து மேலே போயிற்று?" என்று மன்னர் கேட்டார். மேடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வான்படைத் தளபதி மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் முதல் ஆணை வந்தது. அதை வாசிக்கப் படைத்துறை அமைச்சர் சேந்தனாரே கடற்கரைத் தளத்துக்கு வந்திருந்தார். பறப்பவை யாவும் வானத்துக்கு உரியவை; எனவே பதினோரு ஹெலிகாப்டர்களும் இன்று முதல் வான்படைக்கு உரியவை. வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். அப்போது மருதி எழுந்து, தங்களைப் போன்ற விமானிகளும் மற்றவர்களும் எந்தப் படைக்குப் போக வேண்டும் என்று கேட்டாள்.

அமைச்சர் அவளைப் பரிவோடு பார்த்தார். "பறப்பது ஊர்தி, அம்மையீர். தாங்கள் உள்ளே அமர்ந்திருக்கிறீர்கள். அமர்ந்திருப்பதற்கு வான்படை எதற்கு? தாங்கள் கடற்படையிலேயே இருக்கலாம்."

இப்படியாக ஹெலிகாப்டர்கள் ஒரு படைக்கும், அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னொரு படைக்கும் சொந்தமானார்கள். வான்படை விமானிகள் திறமைசாலிகள்தான். ஆனால் ஆடுகிற கப்பல் தளத்தில் இறங்கியவரோ, அலைக்கு மேல் அசையாமல் நின்றவரோ அவர்களில் ஒருவரும் இல்லை. ஆகவே பழைய ஆட்களையே வான்படை இரவல் வாங்கிக்கொண்டது. இரவல் ஆட்களுக்கு இருக்கை உண்டு, குரல் இல்லை.

இரண்டாவது ஆணை, வான்படையின் சொத்து கடற்படைத் தளத்தில் நிற்பது முறையல்ல என்றது. ஹெலிகாப்டர்கள் கடலிலிருந்து எண்பது மைல் உள்ளே இருந்த செம்மண்மேட்டுக்குப் போயின. அங்கே உப்புக்காற்று கிடையாது என்பதால் உப்பு அரிக்காமல் இருக்கப் பூசிய சாம்பல்நிறப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, பளபளக்கும் நீலத்தைப் பூசினார்கள். மூன்றாவது ஆணை, கடல்மேல் பறக்க இரண்டு கையெழுத்துகள் வேண்டும் என்றது. காற்று தகுந்தது என்று வான்படை அதிகாரி ஒருவர் ஒப்பமிட வேண்டும், தண்ணீர் தகுந்தது என்று கடற்படை அதிகாரி ஒருவர் ஒப்பமிட வேண்டும். நான்காவது ஆணை மிகச் சிறியது. கப்பல் நகரும் தன்மையுடையது, நகர்வது விமான நிலையம் ஆகாது, எனவே முன்அனுமதியின்றி எந்த ஹெலிகாப்டரும் கப்பலில் இறங்கக் கூடாது.

நான்காவது ஆணை ஒட்டப்பட்ட அன்று கீரன் வரைபடத்தை விரித்து நூலை வைத்து அளந்து பார்த்தான். செம்மண்மேட்டிலிருந்து கரைக்கு எண்பது மைல். கரையிலிருந்து மீன்பிடிக்கும் ஆழத்துக்கு எழுபது மைல். போய்த் திரும்பினால் எரிபொருளில் மிஞ்சுவது கால் மணி நேரம். முன்பெல்லாம் வழியில் ரோந்துக் கப்பலில் இறங்கி நிரப்பிக்கொள்வார்கள். கால் மணி நேரத்தில் எத்தனை பேரைத் தூக்கலாம் என்று அவன் மனம் தானாகவே கணக்குப் போட்டது. வரைபடத்தைச் சுருட்டி வைத்தான்.

யாரிடம் சொல்வது? அதே கணக்கைப் போட்டு மனுவாக எழுதிக் கொடுத்த இன்னொரு விமானியை மேற்கு மலையில் பனி அளக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு உணவுக்கூடத்தில் யாரும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காற்றைப் பற்றிக்கூடப் பேசவில்லை. காற்று வான்படையின் துறை.

ஐப்பசி மாதம் புயல் வந்தது. ஒன்பது பேர் போன விசைப்படகு ஒன்று கவிழ்ந்துவிட்டதாகவும், கவிழ்ந்த அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மிதப்பதாகவும் காலை பத்து மணிக்குச் செய்தி கிடைத்தது. பத்தே நிமிடத்தில் மருதியும் கீரனும் நான்காம் எண்ணின் அருகே நின்றார்கள். கையெழுத்துத்தான் வரவில்லை. கடற்படை ஒப்பமிடாத தாளில் தான் முதலில் ஒப்பமிட முடியாது என்றார் வான்படை அதிகாரி. ஊர்தி தன்னுடையதாக இல்லாதபோது தான் எதற்கு ஒப்பமிட வேண்டும் என்றார் கடற்படை அதிகாரி. இருவரும் மிகுந்த மரியாதையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியது.

மருதி தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். வான்படையிலிருந்து கொடுத்திருந்த துணை விமானி, ஒப்பம் இல்லாமல் ஏறத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அவள் கீரன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நான் போறேன். நீங்க வரலைன்னா தப்பா நெனைக்க மாட்டேன். உங்களுக்குக் குடும்பம் இருக்கு."

கீரனுக்கு அச்சமாகத்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே முதலில் ஏறினான். "நான் வரலைன்னா அடியில என்ன நடக்குதுன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றான்.

போகும் நூற்றைம்பது மைலும் மருதி எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். எதிர்காற்று ஹெலிகாப்டரைப் பிடித்து உலுக்கியது; கணக்குப் போட்டதைவிட எரிபொருள் வேகமாகக் குறைந்தது. பழைய சாம்பல்நிறப் பூச்சு இல்லாத கதவுச் சட்டத்தில் உப்புநீர் வழிந்தோடியது. படகைக் கண்டபோது கீரன் எண்ணிப் பார்த்தான். ஒன்பது தலைகளும் இருந்தன. அந்த நொடியில் அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒன்பது என்பது எவ்வளவு பெரிய எண் என்றுதான் தோன்றியது.

தூக்குவடம் இறங்கியது. கீழே இருந்தவர்களில் கடலன் என்பவன்தான் படகின் தலைவன் போலும். வடத்தின் கொக்கி வரும்போதெல்லாம் அதைப் பிடித்து அடுத்தவன் இடுப்பில் மாட்டிவிட்டான். தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை. ஒருவன், இருவர், மூவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஆனது. ஐந்தாவது ஆள் ஏறும்போது மருதி எரிபொருள் அளவைச் சொன்னாள். அதன்பின் எட்டு மைல் தொலைவில் நின்ற ரோந்துக் கப்பலை அழைத்து, இறங்க இடம் கேட்டாள்.

கப்பல் தலைவர் பழைய நண்பர். மருதியும் கீரனும் நூறுமுறை அவருடைய கப்பல் தளத்தில் இறங்கியிருக்கிறார்கள். அவரே வானொலிக் கருவியில் பேசினார். "அனுமதி கேட்டிருக்கேன் மருதி. இன்னும் வரல. படகுப் பக்கம் போறதுக்கும் கேட்டிருக்கேன். அதுவும் வரல. வந்ததும் சொல்றேன்."

"எனக்கு நாலு நிமிஷம்தான் இருக்கு சார்."

கருவியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

ஏழாவது ஆள் உள்ளே வந்து விழுந்தான். கீழே கடலனும் அவன் மைத்துனனும் இருந்தார்கள். கீரன் வடத்தை மறுபடி இறக்கக் கை வைத்தான். "அண்ணே, கதவைச் சாத்துங்க" என்றாள் மருதி. அவன் கேட்காதவன் போல இருந்தான். "அண்ணே, இன்னும் ஒருத்தரைத் தூக்கினா பத்துப் பேரும் கடல்ல விழுவோம்" என்று அவள் மறுபடி சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் கீரனை அச்சுறுத்தியது.

அவன் கீழே பார்த்தான். கடலன் முகத்தை உயர்த்திக் கொக்கிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். கீரன் உள்ளங்கையை விரித்து, இருங்கள், திரும்பி வருகிறோம் என்று சைகை காட்டினான். பொய் என்று தெரிந்தேதான் காட்டினான். கடலன் அதைப் புரிந்துகொண்டு தலையாட்டினான்.

கரையைத் தொட்டபோது எரிபொருள் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கடற்கரை மணலிலேயே இறங்கினார்கள். ரோந்துக் கப்பலுக்கு அனுமதி மறுநாள் காலையில் வந்தது. கப்பல் போய்ச் சேர்ந்தபோது அடிப்பலகை மட்டும் மிதந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. தலைமை விசாரணை அதிகாரி கோப்பைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக விளக்கினார்.

"நான்காம் எண் ஊர்திக்கு அன்று அனுமதி வழங்கப்படவில்லை. அனுமதி வழங்கப்படாத ஊர்தி பறக்காது. ஆகவே அது பறக்கவில்லை. பறந்ததாக யாரேனும் சொன்னால், அது மன்னரின் சொத்தைத் திருடிய குற்றம். தண்டனை இருபது ஆண்டுகள். இந்த இரண்டில் எது உண்மை என்று கண்டறியவே இந்த விசாரணை."

மீட்கப்பட்ட ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எப்படிக் கரை சேர்ந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவர்களில் மூத்தவன் பூதன். அவன் அதிகாரியைப் பார்த்தான். பிறகு இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மருதியை வெகுநேரம் பார்த்தான்.

"நீந்தி வந்தோம் ஐயா" என்றான்.

"எழுபது மைலா?"

"ஆமாங்கய்யா. அலை தள்ளிவிட்டுச்சு."

மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். மருதி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூதன் அவளை நோக்கிக் கை கூப்பினான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து கீரனை அழைத்தார்கள். இவர்கள் நீந்திக் கரையேறியதைக் கண்ட சாட்சி என்று ஒரு தாளை நீட்டினார்கள். அந்த நொடியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி வந்தது. மருதியின் இருபது ஆண்டுகளை நினைத்தான், தன் மனைவியை நினைத்தான், இந்த ஏழு பேரும் பொய்ச்சாட்சிக்குச் சிறை போவார்கள் என்பதை நினைத்தான். எது முதலில் வந்தது என்று பின்னாளில் அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டான்.

யாரும் திருடவில்லை என்று தீர்ப்பாயிற்று. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். இத்தோடு தொலைந்தது என்றுதான் கீரன் நினைத்தான்.

பத்து நாள் கழித்து ஏழு பேரையும் தலைநகருக்கு அழைத்து மன்னர் மாலை போட்டார். அமைச்சர் சேந்தனார் உரையாற்றினார். எழுபது மைல் புயலில் நீந்தும் மக்களைப் பெற்ற நாடு உலகில் வேறு எது என்று கேட்டார். இத்தகைய மக்களை வடம் கட்டித் தூக்குவது அவர்களுடைய வீரத்துக்கே இழுக்கு என்றார். பூதனும் மற்றவர்களும் கழுத்தில் மாலையோடு தலைகுனிந்து நின்றார்கள். கூட்டம் அதைப் பணிவு என்று எண்ணிக் கைதட்டியது.

ஐந்தாவது ஆணை அன்று மாலையே வந்தது. கடல் மீட்புப் பணி இனித் தேவையில்லை. பதினோரு ஹெலிகாப்டர்களும் மன்னரின் ஊர்வலங்களில் மலர் தூவும் பணிக்கு. உயிரிழந்த இருவரைப் பற்றியும் ஆணையில் ஒரு வரி இருந்தது. அவர்களுக்கு நீச்சலில் போதிய பயிற்சி இல்லாமையே காரணம். அக்குறையைப் போக்க, தூக்குவடப் பணியாளர்கள் கடற்கரை ஊர்களில் நீச்சல் ஆசிரியர்களாக நியமிக்கப்படுகிறார்கள்.

மருதி மலர் தூவப் போனாள். மறுத்தால் விசாரணைக் கோப்பை மறுபடி திறப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். போகும் முன் கீரனைப் பார்க்க வந்தாள். இனித் தன் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், பூக்கள் எங்கே விழுந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்றாள்.

கீரனைக் கடலனின் ஊருக்கே ஆசிரியராகப் போட்டார்கள். பிறந்த நாளிலிருந்து கடலில் கிடந்தவர்களுக்கு அவன் கடற்கரையில் நின்று கைவீசக் கற்றுக்கொடுத்தான். வருகைப் பதிவு கட்டாயம் என்பதால் அவர்களும் வந்து கைவீசினார்கள். இரண்டாம் வாரம் கடலனின் மனைவி அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் கோபமாகப் பேசவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்றாள். "அதை மட்டும் அந்தப் புத்தகத்துல எழுதிக்குங்க."

பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை. கீரன் ஓரத்தில் எழுதிக்கொண்டான். மேலதிகாரி பார்வையிட வந்த நாளில் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டையுமே அச்சத்தோடுதான் செய்தான்.

கார்த்திகையில் கடல் மறுபடி கறுத்தது. பிற்பகல் வகுப்பின்போது கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. நாளை மாலை பெரும்புயல் கரையைக் கடக்கக்கூடும். பொதுமக்கள் அஞ்ச வேண்டாம். கடலிலும் தாழ்வான பகுதிகளிலும் இருப்போர் கடைசி நேர நெரிசலைத் தவிர்க்க முன்கூட்டியே நீந்தத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இப்போது சிரிப்பார்கள், அல்லது கல்லெடுத்து அந்த ஒலிபெருக்கியை அடிப்பார்கள் என்று கீரன் காத்திருந்தான். நாற்பது பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் நின்ற ஒருவர் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாடத்தில் சந்தேகம் கேட்பது போல, மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை மணிக்குத் தொடங்கணும்னு சொன்னாங்க, வாத்தியாரே?"